முதல் பதிலுக்குப் பிறகு: நாடாளுமன்றக் கேள்வி நேரம் இயங்கும் விதம்

1957 செப்டம்பர் 4-ஆம் தேதி மக்களவையில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முதலீடுகளைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தது. கழகம் தொடங்கி அப்போது ஓராண்டும் மூன்று நாட்களுமே ஆகியிருந்தன. நாடு முழுவதும் சுமார் 55 லட்சம் பாலிசிதாரர்கள் கட்டிய பிரீமியப் பணம் அதன் கையில் இருந்தது. அந்தப் பணத்தில் ஒரு பெருந்தொகை தனியார் நிறுவனப் பங்குகளுக்குப் போயிருக்கிறதா என்று அறிய விரும்பியவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர். பீகாரைச் சேர்ந்த ராம் சுபக் சிங்கும், ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தியும் ஆளும் காங்கிரஸ் கட்சியினர். பெரோஸ் பிரதமர் நேருவின் மருமகனும்கூட. பதில் சொல்ல வேண்டியவர் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. சென்னையின் வணிக உலகிலிருந்து அரசியலுக்கு வந்து, அமைச்சரவையின் திறமைசாலிகளில் ஒருவராக மதிக்கப்பட்டவர் அவர்.

அன்று கிடைத்த பதில் உறுப்பினர்களின் ஐயத்தைத் தீர்க்கவில்லை. கேட்டதற்கு நேரடியான, முழுமையான விவரம் வரவில்லை. நாடாளுமன்றக் கேள்விகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இடத்தோடு முடிந்துபோகின்றன. பதில் அச்சேறுகிறது, கோப்பு மூடப்படுகிறது, கேட்டவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். முந்த்ரா விவகாரம் என்று பின்னர் பெயர் பெற்ற அந்தச் செய்தி அப்படி முடியாமல் போனதற்கு ஒரே காரணம், கேட்டவர்கள் முதல் பதிலோடு நிற்கவில்லை என்பதுதான். குளிர்காலக் கூட்டத்தொடரில் மீண்டும் கேட்டார்கள். இம்முறை விவரம் வெளிவந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆதிக்கத்தில் இருந்த ஆறு நிறுவனங்களின் பங்குகளை 1957 ஜூன் மாதத்தில் கழகம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. ஜெஸ்ஸாப், ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ், கான்பூரின் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவை அவற்றில் அடங்கும். கழகத்தின் முதலீட்டுக் குழுவிடம் முன்கூட்டி ஆலோசனை கேட்கப்படவில்லை என்பதும் தெரியவந்தது.

டிசம்பர் 16-ஆம் தேதி பெரோஸ் காந்தி அவையில் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அந்த உரையை அதற்கு முன் கேட்கப்பட்ட கேள்விகளிலிருந்து பிரித்துப் பார்த்தால் அதன் வலிமை விளங்காது. எந்தத் தேதியில், எந்த நிறுவனத்தில், என்ன விலைக்கு என்பதெல்லாம் அரசே அவையில் தந்த பதில்களில் இருந்தன. பங்குச்சந்தையின் விலைப்பட்டியலை அவற்றின் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது அந்த விவரங்களை மறுக்க அமைச்சருக்கு வழியில்லை. நாடாளுமன்றம் தானே உருவாக்கிய மிகப் பெரிய நிதி நிறுவனத்தை நாடாளுமன்றமே கண்காணித்தாக வேண்டும் என்று பெரோஸ் வாதிட்டபோது, அவர் கையில் இருந்தது குற்றச்சாட்டு மட்டுமல்ல, அரசின் சொந்த வார்த்தைகளும்தான்.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்லாவைக் கொண்டு ஒருநபர் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருந்தது. 1958 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. கல்கத்தா பங்குச்சந்தையைத் தாங்கிப் பிடிப்பதற்காகவே பங்குகள் வாங்கப்பட்டன என்ற விளக்கத்தை சாக்லா ஏற்கவில்லை. தம் கொள்கையைத் தமக்குக் கீழுள்ளவர்கள் சரியாக நிறைவேற்றவில்லை என்று சொல்லி அமைச்சர் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றும் அவர் எழுதினார். அதே மாதத்தில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சில ஆண்டுகளில் மீண்டும் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963-இல் மறுபடி நிதியமைச்சராகவும் ஆனார் என்பதை அவர்மீது நியாயமாக நடந்துகொள்வதற்காகவேனும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாக்லா அறிக்கையில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு முடிவு, இந்தக் கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. நாடாளுமன்ற ஆட்சிமுறையில் அமைச்சர்கள் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நாடாளுமன்றத்தை நம்பிக்கையில் எடுத்துக்கொண்டு, தொடர்புடைய எல்லா உண்மைகளையும் அதன் முன் வைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், அதே தகவல் வேறு வழியில் அவைக்கு வந்து சேரும்போது ஏற்படும் சங்கடத்தை அவர்களால் தவிர்க்க முடியாது என்பது அதன் சாரம். பங்கு வாங்கியதில் நடந்த தவற்றுக்கு இணையாக, அதைப் பற்றிக் கேட்டபோது பதில் சொன்ன விதத்தையும் ஒரு நீதிபதி எடை போட்டார். மக்கள் பிரதிநிதி ஒருவர் அமைச்சரைக் கேள்வி கேட்பது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பேன்.

மக்களவை கூடும் நாட்களில் முற்பகல் 11 மணிக்குத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமே கேள்வி நேரம். மாநிலங்களவையில் அதுவும் முற்பகலில்தான் இருந்தது. அமளியில் தொடர்ந்து கரைந்துபோனதால் 2014-இன் இறுதியில் நண்பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது. கேட்க விரும்பும் உறுப்பினர் குறைந்தது 15 நாட்களுக்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அமைச்சகங்கள் வாரத்தின் ஐந்து நாட்களுக்கும் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், எந்த அமைச்சரை எந்த நாளில் கேட்கலாம் என்பது முன்பே தெரியும். வரும் அறிவிப்புகள் இருக்கும் இடத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் வரிசை தீர்மானிக்கப்படுகிறது. அவ்வாறு தேர்வாகும் கேள்விகளில் மக்களவையில் நாளொன்றுக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறி பெறுகின்றன. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். நட்சத்திரக் குறி இல்லாத 230 கேள்விகளுக்கு எழுத்துபூர்வமான பதில் அவையில் வைக்கப்படும். மாநிலங்களவையில் இந்த எண்கள் 15, 160. அவசரப் பொருளாக இருந்தால் குறுகிய கால அறிவிப்பில் கேட்கவும் வழி உண்டு. அதற்கு அமைச்சர் சம்மதிக்க வேண்டும் என்பதால் அது அரிதாகவே பயன்படுகிறது.

நட்சத்திரக் குறி உள்ளதற்கும் இல்லாததற்கும் இடையே தகவலில் பெரிய வேறுபாடு இல்லை. நட்சத்திரக் கேள்விகளிலும் பல சமயம் அமைச்சர் எழுந்து, “அறிக்கை அவையின் மேசைமீது வைக்கப்படுகிறது” என்று மட்டும் சொல்கிறார்; பதில் முன்பே அச்சாகியிருக்கிறது. வேறுபாடு அதற்கு அடுத்த நொடியில் வருகிறது. கேள்வி கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். அவரைத் தொடர்ந்து, மக்களவைத் தலைவர் அனுமதிக்கும் மற்ற உறுப்பினர்கள் ஆளுக்கொன்று கேட்கலாம். முதல் கேள்விக்கான பதிலை 15 நாட்கள் அவகாசத்தில் அதிகாரிகள் எழுதித் தருகிறார்கள். துணைக் கேள்விக்கு அந்த அவகாசம் கிடையாது. அமைச்சர் தம் துறையை அறிந்து வைத்திருக்கிறாரா, கோப்பை வாசித்திருக்கிறாரா, ஒரு முடிவுக்குப் பொறுப்பேற்கத் தயாரா என்பது அந்த இரண்டு நிமிடங்களில் தெரிந்துவிடும். அதற்காகவே அமைச்சகங்கள் பதிலோடு சேர்த்து, எழக்கூடிய துணைக் கேள்விகளையும் ஊகித்து ஒரு தனிக் குறிப்புத் தயாரிக்கின்றன. அதிகாரிகள் அவர்களுக்கான மாடத்தில் அமர்ந்து தேவைப்பட்டால் துண்டுச் சீட்டில் தகவல் அனுப்புகிறார்கள். மாவட்டத்தில் ஒரு மேம்பாலம் ஏன் நிற்கிறது என்று கேள்வி வந்துவிட்டால், அதுவரை அசையாமல் கிடந்த கோப்பு அந்த ஒரு வாரத்தில் நான்கு மேசைகளைத் தாண்டுகிறது. அவையில் அந்தக் கேள்வியின் முறை வராமலே போனாலும் இந்தப் பயன் கிடைத்துவிடுகிறது.

இந்தத் துணைக் கேள்வி உரிமை எளிதில் வந்ததல்ல. 1892-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம்தான் இங்கே சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அரசைக் கேள்வி கேட்கும் உரிமையை முதலில் தந்தது. 1893 பிப்ரவரியில் முதல் கேள்வியைக் கேட்டவர் அவத் பகுதியைச் சேர்ந்த பிங்கா அரசர். சுற்றுப்பயணம் வரும் அரசு அதிகாரிகளின் முகாம்களுக்குப் பொருள் கொடுக்க வேண்டியிருப்பதால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் துன்பத்தைப் பற்றிய கேள்வி அது. கேட்டவர் அரசர், கேள்வியோ மளிகைக் கடைக்காரருக்காக. ஆனால் பதில் எப்படி இருந்தாலும் அதன்மேல் இன்னொரு கேள்வி கேட்க அவருக்கு உரிமை இல்லை. கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்ற உரிமை 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் கிடைத்தது. எந்த உறுப்பினரும் கேட்கலாம் என்பது 1919-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வந்தது. காலனி அரசு எதை முதலில் கொடுத்தது, எதைக் கடைசிவரை தயங்கித் தயங்கிக் கொடுத்தது என்று பார்த்தாலே இரண்டில் எது அதற்கு அச்சம் தந்தது என்பது புரியும்.

கேள்வி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு அவை விதிகள் கடுமையான வரம்புகளை வகுத்திருக்கின்றன. 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதமோ, ஊகமோ, கிண்டலோ, பழிச்சொல்லோ கூடாது. அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்கக் கூடாது. கற்பனையான சூழலை முன்வைத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் பொருள், மத்திய அரசுக்கு முதன்மைப் பொறுப்பு இல்லாத பொருள், ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட பொருள் ஆகியவையும் ஏற்கப்படுவதில்லை. இவை பேச்சுரிமையைச் சுருக்குவதாகத் தோன்றலாம். என் கணிப்பில் பெரும்பாலும் இவை கேட்பவருக்கே உதவுகின்றன. குற்றம்சாட்டும் கேள்விக்கு மறுப்பு ஒன்றே பதிலாகப் போதும். எத்தனை, எப்போது, யார் உத்தரவில் என்ற கேள்விக்கு ஏதாவது ஒரு தகவலைச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் கேள்வியில் பயன்படுத்தும் ஒரு சொல் எவ்வளவு தூரம் பதிலை மாற்றிவிடும் என்பதற்கு மனத்தைப் பிசையும் சான்று ஒன்று இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மக்களவையில் தரப்பட்ட பதில் ஒன்றின்படி, 2020 இறுதிவரையான ஐந்து ஆண்டுகளில் பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது நாடு முழுவதும் 340 பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் 43 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். அதே ஆண்டு ஜூலையில், அதே சமூகநீதி அமைச்சகத்தின் இணையமைச்சர் மாநிலங்களவையில் தந்த பதில், கையால் மலம் அள்ளுவதால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று சொன்னது. இரண்டு பதில்களும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தெரிகின்றன. சட்டத்தின் எழுத்துப்படி அவை மறுக்கவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதை ஒரு வரையறையிலும், பாதுகாப்புக் கருவியில்லாமல் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் இறங்குவதை ஆபத்தான துப்புரவுப் பணி என்ற வேறொரு வரையறையிலும் வைத்திருக்கிறது. முதல் சொல்லைக் கொண்டு கேட்டால் இறப்பு இல்லை. இரண்டாவது சொல்லைக் கொண்டு கேட்டால் 340. நச்சு வாயு தாக்கி மலக்குழிக்குள் மூச்சடங்கிய மனிதருக்கும் அவர் வீட்டாருக்கும் இந்த வரையறை வேறுபாட்டால் எந்தப் பொருளும் இல்லை. அதை அறிந்துகொண்டே எழுதப்படும் பதிலை நேர்மையான பதில் என்று என்னால் ஏற்க முடியவில்லை. எனினும் உறுப்பினருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: அமைச்சகம் தன் பதிவேட்டில் எந்தச் சொல்லின் கீழ் எண்ணிக்கையை வைத்திருக்கிறதோ அந்தச் சொல்லைக் கொண்டே கேட்க வேண்டும். இது வாய்மொழியாகக் கேட்கும் நட்சத்திரக் கேள்வியாக அமைந்தால், அங்கேயே ஒரு துணைக் கேள்வி அந்த இடைவெளியை மூடிவிடும்.

இன்னொரு நிகழ்வில், சொல்லுக்குப் பதிலாக அமைச்சகத்தை மாற்றிக் கேட்டது பலன் தந்தது. 2020 செப்டம்பரில், கரோனா ஊரடங்குக்குப் பிறகு கூடிய மழைக்காலக் கூட்டத்தொடரில், ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்கப்பட்டது. அத்தகைய தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதிலளித்தது. நெடுஞ்சாலைகளில் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்தவர்களை நாடே பார்த்திருந்த நிலையில் அந்தப் பதில் ஏற்படுத்திய கோபம் இயல்பானது. ஆனால் அதே கூட்டத்தொடரில் கேள்வி ரயில்வே அமைச்சகத்துக்குப் போனபோது, ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தவர்களில் செப்டம்பர் 9-ஆம் தேதிவரை 97 பேர் இறந்ததாக எண்ணிக்கையோடு பதில் வந்தது. சாலையில் இறந்தவர்களை அது சொல்லவில்லை. முழு உண்மையின் ஒரு துண்டு மட்டுமே அது. என்றாலும் தரவே இல்லை என்று ஒரு கதவு சாத்தப்பட்ட வாரத்தில், தரவு இருக்கும் இன்னொரு கதவைத் தட்ட ஓர் உறுப்பினருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு பொறுப்பு பல அரசுகளுக்கிடையே பகிரப்பட்டிருக்கும்போது பதில் நழுவும் விதமும் கவனிக்கத்தக்கது. 2021 ஜூலையில், கரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்களைப் பற்றி மாநிலங்களவையில் கேட்டபோது, அப்படிக் குறிப்பிட்ட இறப்பு எதையும் மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் தெரிவிக்கவில்லை என்று சுகாதார அமைச்சகம் சொன்னது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது, மாநிலங்கள் அனுப்பும் எண்ணிக்கையையே மத்திய அரசு தொகுக்கிறது என்பது அதன் விளக்கம். பல மாநிலங்களில் வெவ்வேறு கட்சிகள் ஆட்சியில் இருந்தன. எவரும் அந்தத் தலைப்பில் எண்ணிக்கை அனுப்பியிருக்கவில்லை. ஆக, இந்தப் பதிலுக்கு ஒரு கட்சியை மட்டும் குறைசொல்வது எளிது, ஆனால் போதாது. இறப்புச் சான்றிதழில் ஆக்சிஜன் இன்மை என்ற காரணத்தை எழுதும் வழக்கம் இல்லாதபோது யாரிடமிருந்து அந்தத் தகவல் வரும் என்பதே அங்கே கேட்டிருக்க வேண்டிய துணைக் கேள்வி.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான ஓர் எடுத்துக்காட்டையும் சொல்லலாம். இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்படும் மீனவர்கள், பறிமுதல் செய்யப்படும் படகுகள் ஆகியவற்றைப் பற்றி, கட்சி வேறுபாடின்றி நம் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வெளியுறவு அமைச்சகத்தைக் கேட்கிறார்கள். பதில்களின் கடைசிப் பத்தி ஏறத்தாழ மாறாமல் இருக்கும்: தூதரக வழியில் தொடர்ந்து வலியுறுத்தப்படுகிறது என்பது அது. சலிப்பூட்டும் அந்த வரிக்கு மேலே ஆண்டுவாரியாக எண்ணிக்கை இருக்கிறது. ராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ இருந்து எழுதும் பத்திரிகையாளரும், வழக்குத் தொடுக்கும் வழக்கறிஞரும், பேச்சுவார்த்தைக்குப் போகும் மீனவர் சங்கமும் கையில் எடுத்துச் செல்வது அந்த அட்டவணையைத்தான்.

“பரிசீலனையில் உள்ளது”, “விவரம் சேகரிக்கப்படுகிறது”, “கவனிக்கிறேன்” போன்ற பதில்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கிறோம். நாடாளுமன்றம் இவற்றை அலுப்போடு விட்டுவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. மக்களவையில் 1953 டிசம்பர் முதல் அரசு உறுதிமொழிக் குழு ஒன்று இயங்கி வருகிறது. மாநிலங்களவையில் 1972-இல் அதே போன்ற குழு அமைந்தது. எந்தெந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்று ஒரு பட்டியலே உண்டு, மேலே சொன்னவை அதில் அடங்கும். அமைச்சர் அவற்றில் ஒன்றைச் சொன்னதும் அது பதிவாகி, மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் உறுதிமொழிகளும் இருக்கின்றன. குழு அதிகாரிகளை அழைத்து விசாரித்து அறிக்கை தருகிறது. தப்பிக்கச் சொன்ன வார்த்தையே கடனாகத் திரும்பி வரும்படி வகுத்த அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் குழுவின் அறிக்கைகளை எடுத்துப் பார்த்து, தாம் கேட்ட கேள்வியின் கதி என்ன என்று மீண்டும் கேட்கும் உறுப்பினர்கள் குறைவு. ஊடகங்களோ அந்தப் பக்கம் போவதே இல்லை.

கேட்கும் உரிமையைக் கேட்பவர்களே சிறுமைப்படுத்தியதும் உண்டு. 1951-இல் இடைக்கால நாடாளுமன்றத்தின் உறுப்பினர் எச்.ஜி.முட்கல், பம்பாய்த் தங்கம்–வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காகக் கேள்விகள் கேட்டது விசாரணையில் உறுதியானது. நேருவே அவரை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதை ரகசியக் கேமராவில் தொலைக்காட்சி ஒன்று படம்பிடித்து ஒளிபரப்பியதைத் தொடர்ந்து, மக்களவையின் 10 பேரும் மாநிலங்களவையின் ஒருவரும் பதவி இழந்தார்கள். பல கட்சிகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 2009 நவம்பர் 30-ஆம் தேதி நடந்தது குற்றமல்ல, அலட்சியம். நட்சத்திரக் கேள்வி கேட்டிருந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்பட, பெரும்பாலோர் அவையில் இல்லை. கேள்விகள் தீர்ந்து கேள்வி நேரம் பாதியிலேயே நின்றது. குலுக்கலில் இடம் கிடைக்காமல் எத்தனையோ பேர் காத்திருக்க, கிடைத்தவர்கள் வரவில்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய இழப்பு அமளியால் வருகிறது. அவை ஒத்திவைக்கப்பட்ட நாளிலும் நட்சத்திரக் குறியற்ற கேள்விகளுக்கான பதில்கள் வைக்கப்பட்டுவிடுகின்றன. முறை வராத நட்சத்திரக் கேள்விகளுக்கான பதில்களும் எழுத்துபூர்வமாகவே கணக்கில் சேர்கின்றன. எனவே அமளியில் அழிவது துணைக் கேள்வி ஒன்றுதான். அவை ஒழுங்காக நடக்கும் நாளிலேயே 20 நட்சத்திரக் கேள்விகளில் நான்கைந்துக்குத்தான் பெரும்பாலும் முறை வருகிறது. கூச்சலில் அதுவும் போய்விட்டால், ஆயத்தமில்லாத கேள்வியை எதிர்கொள்ளும் கட்டாயத்திலிருந்து அமைச்சர்கள் விடுபட்டுவிடுகிறார்கள். அரசு ஒரு விவாதத்துக்கு மறுக்கும்போது எதிர்க்கட்சிகளுக்கு வேறு வழியில்லை என்ற வாதத்தை நான் புறக்கணிக்கவில்லை. விவாதத்தைத் தர மறுக்கும் அரசுக்கும் இந்தப் பழியில் பங்குண்டு. ஆனால் ஆட்சியில் இருந்தவரை அமளியைக் கண்டித்து, ஆட்சி போனதும் அதையே கையில் எடுத்த கட்சிகளின் வரலாறு நீளமானது. ஒவ்வொரு முறையும் பறிபோனது அந்த ஒரு மணி நேரமே.

அரசமைப்புச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்று சொல்கிறது. கேள்வி நேரம் என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லை. அது அவை தனக்கு வகுத்துக்கொண்ட விதிகளில் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் அதை ஒதுக்கிவைப்பதும் எளிதாக இருக்கிறது. 1962-இல் சீனப் போரையொட்டிக் கேள்வி நேரம் நிறுத்திவைக்கப்பட்டது. 2020-இல் கரோனாவைக் காரணம் காட்டி அது கைவிடப்பட்டு, எழுத்துபூர்வ பதில்கள் மட்டும் தரப்பட்டன. புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றிய அந்த இரண்டு பதில்களும் துணைக் கேள்வி கேட்கவே இயலாத அந்தக் கூட்டத்தொடரில் வந்தவைதான். தரவு பராமரிக்கப்படவில்லை என்றால் யார் பராமரித்திருக்க வேண்டும், ரயில்வே எண்ணியதைத் தொழிலாளர் அமைச்சகம் ஏன் எண்ணவில்லை என்று நின்ற இடத்திலேயே கேட்க யாருக்கும் வாய்ப்பிருக்கவில்லை.

1975 ஜூலையில், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பிறகு கூடிய முதல் கூட்டத்தொடரிலும் கேள்வி நேரம் தீர்மானத்தின் மூலம் நிறுத்திவைக்கப்பட்டது. அதோடு இன்னொன்றும் நிறுத்தப்பட்டது. பெரோஸ் காந்தி தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 1956-இல் நிறைவேறிய சட்டம் ஒன்று இருந்தது. நாடாளுமன்ற நடவடிக்கைகளைக் கணிசமான அளவுக்கு உண்மையாகவும், தீய நோக்கமின்றியும் வெளியிடும் நாளிதழ்கள்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று அது பாதுகாப்பளித்தது. அந்தச் சட்டம் வந்த மறு ஆண்டில்தான் முந்த்ரா விவகாரத்தின் ஒவ்வொரு கேள்வியும் பதிலும் நாளிதழ்களின் வழியே பாலிசிதாரர்களிடம் போய்ச் சேர்ந்தன. பெரோஸ் 1960-இல் மறைந்தார். நெருக்கடி நிலையின்போது, அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசு அந்தச் சட்டத்தை நீக்கியது. அவைக்குள் கேள்வியும், அவைக்கு வெளியே பதிலை அச்சிடும் உரிமையும் ஒரே காலத்தில் நின்றன. 1977-இல் வந்த ஜனதா அரசு அதே பாதுகாப்பைப் புதிய சட்டமாக மீட்டது. 1978-இல் 44-ஆவது திருத்தம் அதை 361-ஏ என்ற பிரிவாக அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே சேர்த்தது. இன்று ஒரு தமிழ் நாளிதழ், அமைச்சர் அவையில் சொன்ன பதிலை மறுநாள் காலையில் எவருக்கும் அஞ்சாமல் அச்சிடுவது அந்தப் பிரிவின் காப்பில்தான்.